கற்பனை என்று நீ சொன்ன வக்கீல்

ஸ்ரீரங்கம்,
14-10-2024

1. இக்கடிதத்தை எழுதுபவன் நவநீதன், வயது எழுபத்தொன்று, திருச்சி நீதிமன்றங்களில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்து ஓய்வுபெற்றவன், நம் நூலக வாசகர் வட்டத்தின் தலைவன், உன் தகப்பன்.

2. தெளிந்த நினைவோடும், யாருடைய தூண்டுதலும் இன்றியும் இதை எழுதுகிறேன்.

அன்பு மகள் மணிமேகலைக்கு, இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருக்க ரெங்கநாதர் துணை. உன் அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து சொட்டு மருந்து ஒரு வேளையாகக் குறைந்திருக்கிறது, நேற்று உன்னை நூலகத் திரையில் பார்த்ததும் இளைத்துவிட்டாய் என்றுதான் முதலில் சொன்னாள். உன் புத்தகம் பற்றிய நேற்றைய வட்டக் கூட்டத்தில், காணொளி இணைப்பு துண்டிக்கப்படும் வரை நடந்தது மட்டுமே உனக்குத் தெரியும். பின்னர் நடந்ததை வேறொருவர் உனக்குச் சொல்லுமுன் நானே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உன் கதையில், சாட்சிக் கூண்டில் நிற்கும் ஏழைப் பெண்ணைக் குறுக்கு விசாரணையிலேயே பொய்க்காரியாக்கும் அந்த வக்கீல் நீ நேரில் பார்த்த யாராவதா என்று நூலகர் ஜோதி கேட்டார். நீ தயங்காமல், "அது முழுக்கக் கற்பனைங்க. எங்க அப்பாவும் வக்கீல்தான், ஆனா அவர் அப்படிக் கிடையாது" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் புன்னகைத்தேன். பதினோரு வயதில், பள்ளி விடுமுறை நாளொன்றில், நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து நீ பார்த்தது என்னைத்தான் என்பது நம் இருவருக்கும் தெரியும். இருபத்தாறு ஆண்டுகளாக அதைப் பற்றி ஒரு சொல்லும் நாம் பேசியதில்லை. விருந்தினர் விடைபெற்ற பிறகு, அவர் சொன்னவற்றைக் குறிப்பேட்டில் எழுதிச் சபையில் உரக்க வாசித்து, சரியென்று தலைவர் கையொப்பமிடுவது வட்டத்தின் வழக்கம். வக்கீல் பாத்திரம் முழுக் கற்பனை என ஆசிரியர் தெரிவித்தார் என்று ஜோதி வாசித்தார். நான் பேனாவைத் திறந்தேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மாள் எழுந்து, "சார், அந்தப் பொண்ணு எழுதினதுல ஒண்ணு தப்பா இருக்குங்க. நான் கூண்டுல அழலை. வீட்டுக்குப் போயித்தான் அழுதேன்" என்றார்.

அவர் பாப்பாயி. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் உடன் வேலை பார்த்தவளின் கை பெல்ட்டில் சிக்கியதைக் கண்ணால் பார்த்தவர், அவள் அன்று வேலையில் இருந்தாள் என்று சொல்ல முன்வந்த ஒரே சாட்சி. அவள் அன்று வேலைக்கே வரவில்லை என்று வாதிட்ட ஆலைத் தரப்பின் வக்கீல் நான். அடிபட்டவள் கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை என்றார், ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நீலம் என்றிருந்தது. அந்த ஆலையின் தவிட்டுத் தூசியில் எந்தப் புடவையும் ஒரே நிறம்தான் என்பதை நான் நேரில் பார்த்திருந்தும், நான்கு முறை அதையே திருப்பிக் கேட்டுச் சபையைச் சிரிக்க வைத்தேன். அடிபட்டவளின் வழக்கு தோற்றது. அதன்பின் அவர் தெருவில் அவருக்குப் பெயரே பொய்ச்சாட்சிப் பாப்பாயி என்றாகிவிட்டதாம். மருமகள் உன் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வாசித்துக் காட்டியிருக்கிறாள், கேட்டதும் அது தன் கதை என்று அறிந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

வட்டத்தின் செயலாளர் ரெங்கராஜ், "ஏம்மா, இது கதை. கோர்ட்டுன்னு நெனச்சுட்டீங்களா?" என்றார். பாப்பாயி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "கோர்ட்டுலயும் இதையேதாங்க சொன்னாங்க, கதைன்னு" என்றார். நூலகம் மூடும் நேரம், கையெழுத்துப் போடுங்கள் என்று ரெங்கராஜ் அவசரப்படுத்தினார். நீ சொன்னது சரியாகவே பதிவாகியிருந்தது, அதை அடிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அதன்கீழ் வெறுமனே கையொப்பமிட்டால் அந்த அம்மாளை இரண்டாம் முறை பொய்க்காரியாக்கியவன் ஆவேன். ஆகவே கீழே ஒரு குறிப்பு எழுதி எழுந்து நின்று வாசித்தேன்: அந்த வக்கீல் நான், சாட்சி பாப்பாயி சொன்னது உண்மை என்று நம்பிக்கொண்டே அவரைப் பொய்ச்சாட்சியாகக் காட்டினேன். என் கட்சிக்காரர் என்னிடம் சொன்னவற்றை அப்போதும் வெளியிடவில்லை, இனியும் வெளியிட மாட்டேன், நான் செய்தது மட்டும் என்னுடையது.

யாரும் கைதட்டவில்லை. தனியாகப் பேசி முடித்திருக்கலாமே, ஏட்டில் ஏற்றிவிட்டீர்களே என்று ரெங்கராஜ் கடிந்துகொண்டார், அந்தப் பக்கத்தை நீக்காவிட்டால் என்னைப் பதவியிலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம், கொண்டுவரட்டும். உன் அம்மாவும், "புள்ள உங்களைக் காப்பாத்திக் குடுத்தா, நீங்களா போய் ஏன் தலையைக் குடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு இன்று காலைவரை பேசவில்லை.  பாப்பாயி, அந்தப் பக்கத்தைக் கிழிக்க மாட்டீர்களே என்று ஜோதியிடம் மட்டும் கேட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார், நான் பின்னாலேயே போய் நின்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபதிப்பில் எல்லாப் பாத்திரங்களும் கற்பனை என்று அச்சிடப் பதிப்பாளர் வற்புறுத்துவதாகச் சொன்னாய். என்னை முன்னிட்டு அதைச் சேர்க்க வேண்டாம். அந்த வக்கீல் நானே என்று நீ எங்கும் எழுதலாம், சொல்லலாம். அதன்பேரில் நானோ என் வாரிசுகளோ அவதூறு என்று எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டோம். என் வாரிசு நீ ஒருத்திதான் என்றாலும் எழுதிவைப்பதே முறை. அவர் கூண்டில் அழுததாக நீ எழுதிய வரிகளை நீக்கிவிடு. அவர் பெயரைப் போடலாமா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஜோதி இன்றே சாட்சிக் கையொப்பம் இடுகிறார். இரண்டாம் சாட்சிக்கான இடத்தைக் காலியாக விட்டு, வியாழக்கிழமை மண்ணச்சநல்லூர் போய் இதை முழுவதும் பாப்பாயியிடம் வாசித்துக் காட்டுவேன். அவர் மறுக்கலாம், வாசலிலேயே நிறுத்தலாம், அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்த இடம் காலியாகவே வந்துசேர்ந்தால் அவரைக் குறைசொல்லாதே, வேறு சாட்சியையும் கேட்காதே.

என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாயே என்று எனக்குக் கோபமில்லை, அப்படிச் சொல்லும் நிலையில் உன்னை வைத்தவன் நான். நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, அம்மாவிடம் நீயே முதலில் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா
(ஒப்பம்) நவநீதன்

சாட்சிகள்:
1. (ஒப்பம்) ஜோதி, நூலகர், 14-10-2024
2. (ஒப்பம்) பாப்பாயி, மண்ணச்சநல்லூர், முழுவதும் வாசிக்கக் கேட்டு, 17-10-2024