துவைத்துக் கொடுத்த வெள்ளைத் துணி

நான்காம் பிரிவு லயம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுலாஸ்திக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் நானும் அப்பாவும் சுகம். ஹாங்காங் குளிரில் நீயும் உன் முதலாளியம்மாவின் குழந்தைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீயும் வேலையைப் போட்டுவிட்டு அழுவாய், அதனால்தான். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனாலும் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டப் போகாதே என்றால் கேட்பதில்லை. கோழி பொரித்த ஆறு குஞ்சில் இரண்டை உடும்பு கொண்டுபோய்விட்டது.

போன மாதம் மேடான் பல்கலைக்கழகத்திலிருந்து ரெஹூலினா என்று ஒரு பெண் வந்தாள். செம்பனைக்கு மருந்தடிக்கிற எங்கள் பன்னிரண்டு பேர் தோலில் எவ்வளவு மருந்து படுகிறது என்று அளக்க வந்தவள். முழுக்கை முழுக்கால் வெள்ளைப் பருத்தி உள்ளுடுப்பு ஆளுக்கு ஒன்று தந்து, வேலை உடுப்புக்குள்ளே ஒரு நாள் போட்டுக்கொள்ளுங்கள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன், துணி குடித்ததை அளந்தால் தோலுக்கு எவ்வளவு வந்தது என்று தெரியும் என்றாள். அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது, அவள் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது, நாங்கள் துணியோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, பக்கத்து வீட்டுக் கிண்ணத்தையே வெறுமனே திருப்பித் தரமாட்டோம், வியர்வை நாறுகிற துணியைப் படித்த பெண்ணின் கையில் எப்படிக் கொடுப்பது? பன்னிரண்டு பேரும் துவைத்து, அடுப்பு மேலே காயவைத்து, இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுபோனோம். நான் மடிப்புக்கு நடுவில் வாசத்துக்குப் பாண்டான் இலைகூட வைத்திருந்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் தாருஸுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு துணியை மூக்கில் வைத்து, மருந்தாம் மருந்து, பூ வாசமில்ல வருது, இதுக்கா மேடான்லருந்து வந்தீங்கன்னு கேட்டான். என்னோடு மருந்தடிக்கிற வாயாடி துகினெம் விடுவாளா, அவ்வளவு வாசமா இருந்தா நீயே மாட்டிக்கிட்டுப் போய் உன் பொண்டாட்டிகிட்ட காட்டு மண்டோர்னு சொன்னாள். சிரித்தோம், ஆனால் எனக்கு உள்ளே வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. வீடு வீடாக வந்து, எந்த பேசினில் துவைத்தீர்கள், கூட வேறென்ன போட்டீர்கள் என்று கேட்டாள். நாங்கள் துவைத்த உடுப்புகளோடு, துகினெம் மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையையும் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனாள். போன வெள்ளிக்கிழமை பதிலோடு வந்தாள். துவைத்தும் எங்கள் உடுப்பில் மருந்து மிச்சம் இருக்கிறது, அதிகமாகத் தோள்பட்டையில், முதுகில் சுமக்கிற மருந்து டாங்கியின் வார் அழுத்துகிற இடத்தில். அதே பேசினில் கிடந்த சின்னப் பெண்ணின் சட்டையிலும் இருக்கிறது. அந்தச் சட்டை ஒரு நாளும் தோட்டத்துக்கு வந்ததில்லை.

மறுநாளே மானேஜரிடம் போனோம். மருந்து கலக்குகிற ஷெட்டிலேயே குளிக்க ஓர் அறை, குழாய், வேலை உடுப்பைத் துவைக்க ஓர் இடம், இவ்வளவுதான் கேட்டோம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். திங்கள்கிழமையிலிருந்து யாரும் டாங்கியைத் தூக்கவில்லை. ஷெட் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம், இன்றோடு ஐந்து நாள். இரண்டாம் பிரிவிலிருந்து ஆள் இறக்குவேன் என்று தாருஸ் மிரட்டினான், இறக்கினான், வந்தவர்களும் விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். வேலை போனால் போகட்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். நான் அசைவதாக இல்லை, நீ பயப்படாதே.

இப்போது எழுத வந்ததை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பில் உன் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்ததே, சட்டைக் காலர் படுகிற இடத்தில், நினைவிருக்கிறதா? ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று உன்னை அடித்தேன். மாங்காய்ப் பால் பட்டிருக்கும் என்று மாமரத்துப் பக்கம் போகவிடவில்லை. அந்தச் சட்டையை என் வேலை உடுப்போடு சேர்த்துத்தான் தினமும் துவைத்தேன், இன்னும் வெள்ளையாக இருக்கட்டும் என்று அதிக நேரம் ஊறப்போட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறாள் ரெஹூலினா. எனக்கு உறுதி. அடித்ததற்கு அம்மாவை மன்னித்துவிடு கண்ணு.

வேளைக்குச் சாப்பிடு. பாத்திரம் கழுவுகிற மருந்தில் வெறுங்கை வைக்காதே, கையுறை கேட்டு வாங்கு, கேட்க வெட்கப்படாதே. நோயில்லாமல், நல்ல பெயரோடு, இறைவன் காவலில் நீ நெடுநாள் இருக்கவேண்டும். பெருநாளைக்கு வருவாய் அல்லவா, புதிதாக ஒரு நீல பேசின் வாங்கி அலமாரி மேலே கவிழ்த்து வைத்திருக்கிறேன். அது உன் துணிக்கு மட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தர்வியா