லிஃப்டுக்குள் கேட்ட பாட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இதைப் படித்ததும் நீ மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, அப்பாவா இப்படி எழுதியிருக்கார் என்று கேட்பாய், தெரியும். அம்மா போனதிலிருந்து நான் ஆலயப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லையே. நடந்ததைச் சொல்கிறேன் கேள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன், லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள் என்று. அம்மாவைக் கடைசியாகச் சேர்த்திருந்த அதே ஆஸ்பத்திரி. அங்கே வேலை வந்தால் எப்போதும் வேறு மெக்கானிக்கைத்தான் அனுப்புவேன், அன்றைக்கு எல்லாரும் லீவு. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது யார் தெரியுமா, நம் ஆலயப் பாடகர் குழு. நோயாளிகளுக்குப் பாட வந்தவர்கள். நீ ரேடியோ அத்தை என்று பெயர் வைத்தாயே, அம்மாவின் சிநேகிதி, அவளும் உள்ளே. வாய் ஓயாதவள் அன்றைக்கு மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். கதவிடுக்கில் நான் குரல் கொடுத்ததும் அழுதுவிட்டாள். அண்ணே, எனக்கு மூச்சு இழுக்குது, எங்கயும் போயிடாதீங்கண்ணே என்றாள். நான் மொட்டைமாடிக்குப் போய் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் லிஃப்ட் நகரும், போகாமல் எப்படி? என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியவில்லை. எல்லாரும் பாடுங்க, மேல எனக்குக் கேக்கும், கேக்குற வரைக்கும் நான் கூடவே இருக்கேன்னு வச்சுக்கோங்க என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு ஓடினேன்.

மேலே காவலாளி பிரேக்கை விடுவித்துப் பிடித்துக்கொள்ள, நான் சக்கரத்தை மெல்லச் சுற்றினேன். கயிறு இறங்கும் துளை வழியாகப் பாட்டு ஏறி வந்தது. பிள்ளை பிறந்த பாட்டு, அம்மா அடுப்படியில் ஓயாமல் பழகுவாளே, அது. முதலில் நடுங்கியது, பிறகு நிமிர்ந்தது. ஆனால் அம்மா பாடுகிற ஆல்டோ, அந்தக் கீழ்க்குரல் மட்டும் இல்லை. அவள் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை போலிருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அந்த ஆல்டோவை நான் பாடிக்கொண்டிருக்கிறேன் மகளே, என் தகரக் குரலில், கண்ணில் நீர் வழிய. எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. காவலாளி பாவம், பயந்துபோய் என்னையே பார்த்தான்.

கதவு திறந்ததும் நர்ஸ் வந்து ரேடியோ அத்தைக்கு மருந்து கொடுத்தார். மூச்சு திரும்பியதும் முதல் வேலையாக என்னைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு வருஷமா எங்களைக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறீங்களே, நாங்க என்ன கடன் கேட்டோமா என்றாள். நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அப்படியே கிரீஸ் கையோடு அவர்கள் பின்னால் வார்டுக்குப் போய் நின்றேன், அம்மா இருந்த வார்டுக்கும்தான். அவள் கட்டிலில் வேறொரு அம்மா படுத்திருந்தார். பாட்டுக்குக் காலை ஆட்டித் தாளம் போட்டார்.

மறுநாள் காலை ஆராதனைக்குப் போனேன். கடைசி வரிசை. போதகர் என்ன பேசினார் என்று கேட்காதே, எனக்கு ஒரே யோசனை. ஆண்டவர் ஏன் மேலே இருந்தபடியே நம்மைத் தூக்கிவிடவில்லை, ஏன் பச்சைப் பிள்ளையாக இந்த அடைசலுக்குள் நம்மோடு வந்து பிறந்தார் என்று. அம்மா படுத்திருந்த நாளெல்லாம் அவர் வரவில்லை என்றுதான் என் கோபம். வந்து அவள் பக்கத்திலேயே இருந்திருப்பாரோ? அவள் கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டேதானே இருந்தாள், யாரிடம்? கண்ணை மூடி, கோபம் இன்னும் தீரலப்பா, ஆனா வந்துட்டேன் என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். வெளியே வந்தபோது ஒருவர் மாற்றி ஒருவர் கையைக் குலுக்கினார்கள், மனசு லேசாக இருந்தது, பசிகூட எடுத்தது.

அங்கே குளிர் அதிகமாமே, குட்டிக்குக் காதை மூடிவிடு. மாப்பிள்ளையை ராத்திரி வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மறக்காமல் ஒன்று, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்யாதே, மத்தியானத்துக்கு மேல் செய். காலையில் அப்பா வீட்டில் இருக்க மாட்டேன்.

முத்தங்களோடு,
உன் அப்பா