அண்டாவில் நான் போட்ட மாத்திரை

என் அழகு நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மெடிக்கல் கடையில் நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன். மணி ஒன்று ஆனால் கண் தானாக வாசலுக்குப் போய்விடுகிறது. சாப்பாட்டுக் கேரியரை ஆட்டிக்கொண்டு வந்து, கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் கூசாமல், "இன்னா மேடம், சிரிப்பு வர்றதுக்கு மாத்திர இருக்குதா?" என்று கேட்பாயே. "டாக்டர் சீட்டு இருந்தாத்தான் குடுப்பேன்" என்று நான் முறைப்பேன். இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. சீட்டை நீட்டுகிறார்கள், வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

உன்னைச் சேர்த்திருந்த மறுவாழ்வு இல்லத்தைப் பற்றி விசாரிக்க, வரும் செவ்வாய்க்கிழமை விழுப்புரத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். மருந்தே இல்லாமல் குடியை நிறுத்துகிறோம் என்கிற அந்த இடம் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யப்போகிறார்களாம். அங்கே இருந்தவர்களின் வீட்டுக்கெல்லாம் ஒரு படிவம் வந்திருக்கிறது. 'பலன் கிடைத்ததா? ஆம் / இல்லை.' ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். பத்து நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீயே சொல், எதில் அடிப்பது?

முதல் தடவை நீயாகத்தான் கேட்டாய், நினைவிருக்கிறதா? நெல் விற்பனைக் கமிட்டியில் மூட்டை தைக்கிற உனக்கு, கோணி ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை உதறி, பக்கத்து ஆள் ஊசியைப் பிடுங்கிக்கொண்ட அன்று. "என்ன எங்கனா சேத்து உடும்மா" என்றாய்.

அந்த இல்லத்துத் தகரக் கொட்டகையில் நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, மணிக்கணக்கில் வேது பிடிக்கவைக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆவிக்கே குடி போகுமென்றால் நம் வீட்டு இட்லிக் குண்டானே போதுமே என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனால் நாற்பது நாள் கழித்து நீ வந்தாய். நிமிர்ந்து நடந்து வந்தாய். முதல் வேலையாக ஊசியை எடுத்து, ஒரே தடவையில் நூல் கோத்து, என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாய்.

அந்த நாலு மாதத்தை நான் எங்கே வைத்துக்கொள்வது? காலையில் ராஜகிரி அடிவாரம் வரை நடந்துவிட்டு வருவாய். வீட்டில் அம்மா உன்னோடு மறுபடியும் சண்டை போட ஆரம்பித்தாள். நீ குடித்த காலத்தில் அவள் வாயே திறக்கமாட்டாள், அவ்வளவு பயம். "துண்ட எங்க போட்டுட்டு வந்த?" என்று அவள் கத்துவதும், நீ பதிலுக்கு எகிறுவதும் கேட்கக் கேட்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் அனந்தபுரத்துக் கல்யாணம். யாரோ கையில் கொடுத்த ஒரு கிளாஸ். மூன்றே வாரத்தில் பழையபடி ஆனாய். கமிட்டியிலேயே வலிப்பு வந்து விழுந்தாய். பெரியாஸ்பத்திரி டாக்டர் வலிப்பு மாத்திரை எழுதிக்கொடுத்து, "இத ஒரு வேளகூட நிறுத்தக் கூடாது" என்று என்னிடம்தான் சொன்னார். "அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவா" என்று நீ கெஞ்சினாய். சொல்லவில்லை.

இரண்டாம் தடவை உன்னை நான் மட்டும்தான் அழைத்துப் போனேன். வாசலில் அந்தப் பித்தளை அண்டா, வாய் வரைக்கும் தண்ணீர். உள்ளே வருகிறவனின் பழக்கத்தை வீட்டு ஆள் தன் கையாலேயே அதில் போட்டுத் தலைமுழுக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முதல் தடவை உன் பீடிக்கட்டைப் போட்டேன். இந்தத் தடவையும் போட்டேன். பொறுப்பாளர் என் பையைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான், கெட்டவர் இல்லை. "மாத்திரையும் ஒரு போதைதாம்மா. நம்பிக்கை இல்லன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

தினம் அதே மாத்திரையை எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுக்கிறேன் நான்! நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நீ என்னைப் பார்த்தாய். "போட்டுடும்மா. போன தடவ இவங்கதான என்ன மனுசனாக்குனாங்க." போட்டேன், நைனா. எனக்கு வேது மேலெல்லாம் நம்பிக்கை இல்லை. அந்த நாலு மாதம் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கொட்டகையிலேயே உனக்கு வலிப்பு வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆவி பிடித்த உன் உடம்பில் நொச்சி வாசனை அப்படியே இருந்தது. 'அவர் நேரம் வந்துவிட்டது' என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள். நானும் அதற்குத் தலையாட்டிவிட்டேன்.

போன வாரம் பொறுப்பாளர் கடைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "அந்த நாலு மாசத்த மட்டும் எழுதும்மா" என்றார். அது பொய்யில்லையே. மறுநாள் வல்லத்திலிருந்து மஞ்சுளா வந்தாள். அவள் வீட்டுக்காரர் அங்கே போய் வந்து இரண்டு வருஷமாகக் குடிக்கவில்லை. "அத மூடிட்டா, நாளைக்கு இவரு மறுபடியும் குடிச்சா நான் எங்கக்கா கூட்டிட்டுப் போவேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவளைப் போலத்தானே இருந்தேன்?

நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் என் கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதை அதிகாரியிடம் சொல்வதற்கு முன்னால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "எங்கிட்ட ஏன்டி சொல்லல? நான் பயந்துகூடப் போயிருப்பேன், ஆனா போட உட்டிருக்க மாட்டேனே" என்றாள். அதோடு சரி. மூன்று நாளாக என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, நான் வருவதற்குள் படுத்துவிட்டாள்.

இன்று காலை நான் கடைக்குக் கிளம்பும்போது உன் கேரியரை எடுத்துக் கழுவி, சாதம் கட்டி என் முன்னால் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் பேசினாள்.

"செவ்வாக்கெழம தனியா போவாத. நானும் வரேன். நீ அந்த அண்டாவச் சொல்லு. அந்த நாலு மாசத்த நான் சொல்றேன்."

பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். படிவத்தில் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டிருக்கிறேன். பின்பக்கம் முழுக்க எழுதப்போகிறேன், என் கை செய்ததையும் சேர்த்து. மஞ்சுளாவுக்கு ஒரு வாசல் இருக்கட்டும். ஆனால் அந்த வாசலில் அண்டா இருக்கக் கூடாது, ஒரு டாக்டர் உட்கார்ந்திருக்க வேண்டும். அது நடக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இதை எழுதும்போது மணி ஒன்றாகிவிட்டது. ஒரே ஒரு தடவை வாசலில் வந்து கேளேன், நைனா. சீட்டு கேட்கமாட்டேன்.

உன் மெடிக்கல் கடை மேடம்,
உன் பொண்ணு சுமதி