இருபது எம்பிக்குள் அமண்டா

6 ஜனவரி 2025, திங்கள்

பினாங்கிலிருந்து பதில் வந்துவிட்டது. "வீடியோவில் கைகள் தெளிவாக இல்லை. 17-ஆம் தேதிக்குள் மறுபடி அனுப்பவும்." அவ்வளவுதான்.

அமண்டா படித்தாள், போனை என் மடியில் போட்டாள், அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். காது கேட்காத பிள்ளைகள் எல்லாருமே கதவை இவ்வளவு சத்தமாகத்தான் சாத்துவார்களா, இல்லை என் மகள் மட்டும்தானா?

அங்கே அவள் விண்ணப்பித்திருப்பது ஒரு வருடப் படிப்பு. காது கேளாத சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் உதவி ஆசிரியை ஆகலாம். எடுப்பது பன்னிரண்டே பேர். மூன்று நிமிடம் சைகை மொழியில் தன்னைப் பற்றிச் சொல்லி வீடியோ அனுப்ப வேண்டும், ஃபைல் அளவு இருபது எம்பிக்கு மேல் போகக் கூடாது. போனில் எடுத்தது முந்நூற்று எண்பது எம்பி. சுருக்கி அனுப்பியது நான். ஆகத் தப்பு என் தலையில்தான்.

7 ஜனவரி

அனுப்பிய ஃபைலைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முகம் பளிச்சென்றுதானே இருக்கிறது! என் வீட்டுக்காரர் பெர்னார்டும் லாரியில் பெண்டாங் போய் நெல் இறக்கிவிட்டு வந்து பார்த்தார். "நல்லாதான்லா இருக்கு அக்னஸ். அவங்களுக்குத்தான் கண்ணு சரியில்ல போல."

அமண்டா எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். போனில் டைப் செய்து நீட்டினாள்: "அம்மா பார்ப்பது என் முகம். அவர்கள் பார்ப்பது என் விரல்."

ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினாள். ஐந்து விரலும் ஒட்டிக்கொண்டு, சதுரம் சதுரமாக, பிசைந்த மாவு மாதிரி. அந்த இடத்தில்தான் விரலால் எழுத்துக் கூட்டித் தன் பெயரைச் சொல்கிறாளாம்.

பெற்றுப் பதினெட்டு வருடம் வளர்த்தவளுக்கு அது தெரியவில்லை. வீட்டுக்கென்று நாங்களாகவே வைத்துக்கொண்ட பத்து இருபது சைகை, மீதிக்கு வாயசைவு, வாட்ஸ்அப். பள்ளியில் படித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். ஷிஃப்ட், ஷிஃப்ட் என்று எத்தனை வருடம் சாக்குச் சொன்னேன்! வெட்கமாக இருக்கிறது.

9 ஜனவரி

கூலிம் ஃபேக்டரியில் நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாகப் பொடிப்பொடி சாமான்களில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அங்கே ஒரே சட்டம்: ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அதையே வீட்டிலும் செய்தேன்.

முதலில் படத்தின் அளவைக் குறைத்தேன். நீளத்துக்கும் அகலத்துக்கும் நானாக ஒரு எண்ணைப் போட, பிள்ளை பக்கவாட்டில் இழுபட்டு இரண்டு ஆள் அகலத்துக்கு வந்தாள். அமண்டாவே சிரித்துவிட்டாள்! கதவை அடித்துச் சாத்திய நாளிலிருந்து இன்றுதான் சிரிக்கிறாள். அளவு விகிதத்தை மாற்றாதே என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் போட்டதும் சரியானது.

அடுத்து, போன முறை நான் பண்ணிய பெரிய புத்திசாலித்தனம் கண்ணில் பட்டது. விநாடிக்கு முப்பது படம் எதற்கு, பத்து போதும் என்று குறைத்திருக்கிறேன். பேசுகிறவர்களுக்குப் போதும்லா. விரலால் பேசுகிறவளுக்கு? முப்பதாக்கினேன். விரல் ஓடுகிறது, ஆனால் சதுரங்கள் போகவில்லை.

12 ஜனவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து, லூனாஸில் போட்டோ கடை வைத்திருக்கும் காளிதாசன் அண்ணனிடம் போனேன். குருண் ஊரில் ஒரு சீனர் கல்யாண வேலைக்குக் கேமராவைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தவர், நின்று பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டார்.

"தங்கச்சி, பின்னால என்ன, குடிலா?"

"ஆமாண்ணே. கிறிஸ்மஸ் குடில். ஆசீர்வாதமா இருக்கட்டும்னு நான்தான் அதுக்கு முன்னால நிக்க வெச்சேன்."

"சீரியல் லைட்டு மின்னிக்கிட்டே இருக்கு பாருங்க. இருக்குற இருபது எம்பியை இந்த லைட்டே தின்னுடும்லா. மாறுற எடத்துக்குத்தான் சாஃப்ட்வேர் நெறைய செலவு பண்ணும். அப்புறம் பிள்ளை கைக்கு என்ன மிச்சம் இருக்கும்? வெறும் சுவரு, கறுப்புச் சட்டை. மறுபடி எடுங்க."

மாதாவே! அமண்டா அன்றைக்கே வேண்டாம் என்று தலையாட்டினாள். குழந்தை இயேசுவுக்கு முன்னால் நிற்கக் கசக்குதா என்று நான்தான் முறைத்தேன்.

காளிதாசன் அண்ணன் நல்லா இருக்கணும். எனக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் கல்யாண வீட்டுக்காரர்கள் மூன்று முறை போன் பண்ணிவிட்டார்கள் அவருக்கு.

13 ஜனவரி

எங்கள் வீட்டில் வெறும் சுவர் என்று ஒன்று இல்லவே இல்லை. காலண்டர், திருக்குடும்பப் படம், பெர்னார்டின் மீன் கடிகாரம். பக்கத்து வீட்டு உமாராணி அக்காவிடம் புலம்பினேன். "பொங்கலுக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன். இன்னும் ஆணிகூட அடிக்கல. நாளைக்கு வாங்கடி" என்றார்.

14 ஜனவரி

பொங்கல். உமாராணி அக்கா, வந்த விருந்தாளிகளை எல்லாம் சமையலறையில் உட்கார வைத்துவிட்டு எங்களுக்குக் கூடத்தைக் கொடுத்தார். இளநீலச் சுவர், கறுப்பு டீசட்டை, ஜன்னல் வெளிச்சம். ஒரே தடவையில் எடுத்தோம். சர்க்கரைப் பொங்கலும் கிடைத்தது.

15 ஜனவரி

பதினெட்டு எம்பி. விரல்களை எண்ணலாம்! நகம்கூடத் தெரிகிறது.

ஆனால் ஒரு நிமிடம் நாற்பத்திரண்டாவது விநாடியில் ஒரு குறை. வலது கண்ணுக்குப் பக்கத்தில் விரல்கள் வளையம் மாதிரி ஆகி, கை உதறுகிறது. மறுபடி சுருக்கினேன். அப்படியே உதறுகிறது. நாலு தடவை. ஒரிஜினலிலும் இருக்கிறது. போனிலேயே கோளாறா? இன்னும் இரண்டே நாள்.

16 ஜனவரி

வேலை முடிந்து வந்ததும் அமண்டாவிடம் அந்த இடத்தைக் காட்டினேன். "கெட்டுப்போச்சு, மறுபடி எடுக்கணும்" என்று வாயசைத்தேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு மெதுவாக, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் கண்ணில் வைத்து இரண்டு முறை ஆட்டினாள். என்னைக் காட்டினாள். டைப் செய்தாள்: "கெடவில்லை. சைகையில் இது உன் பெயர். பூதக்கண்ணாடி அம்மா. பள்ளியில் எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. இத்தனை வருடமாக அந்தப் பெயரில் பிள்ளைகள் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதைத்தான் குறை என்று நாலு தடவை அழிக்கப் பார்த்தேன், பாவி.

அழுதேன். அனுப்பினோம். பிறகு அவள் எதிரில் உட்கார்ந்து, கற்றுக்கொடு என்றேன். தினம் பத்துச் சொல்.

2 பிப்ரவரி

என் விரல் வளைய மாட்டேன் என்கிறது. 'நன்றி' என்று காட்டினால் வேறு என்னமோ ஆகிறதாம், சொல்லவும் மாட்டேன் என்கிறாள், விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

18 பிப்ரவரி

எடுத்துக்கொண்டார்கள்! பன்னிரண்டில் ஒருத்தி. ஆண்டவரே, நன்றி, நன்றி.

2 மார்ச், ஞாயிறு

பினாங்கில் சேர்த்துவிட்டு வந்தோம். பதிவு மேசையில் இருந்த அம்மாவுக்கும் காது கேட்காது. என்னைக் காட்டி அமண்டாவிடம் கையால் ஏதோ கேட்டார். புரிந்தது: உன் அம்மாவுக்குச் சைகை மொழி தெரியுமா?

அமண்டா இரண்டு விரலைக் கிட்டக் கிட்ட வைத்துக் காட்டினாள். கொஞ்சம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கொஞ்சம் இல்லை, நிறையத் தெரியும் என்று கையை வீசினேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, எனக்காக நிதானமாக, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்.

நான் அமண்டாவைக் காட்டினேன். பிறகு அந்தச் சொல்லையும் தப்பில்லாமல் காட்டினேன்: டீச்சர்.

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். அமண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு பையில் எதையோ தேடினாள், வெகுநேரம்.