பதினொரு மணிப் படகில் ஏறாத ஆக்சிஜன் உருளைகள்

அனுப்புநர்:
ஆஸ்லாக் ஸ்கார்,
அனுப்புகைப் பொறுப்பாளர் (பணி விலகியவர்),
நோர்ட்லெய் மருத்துவப் பொருள் விநியோக நிறுவனம்,
ஹெல்கெலாந்து கடற்கரை, நார்வே.

பெறுநர்:
மருத்துவப் பொருள் விநியோக ஆய்வு அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: 14.01.2019 அன்று வேர்ஹோல்ம் தீவுக்கு ஆக்சிஜன் உருளைகள் அனுப்பப்படாதது குறித்தும், அதற்குப் புயலே காரணம் என நிறுவனம் அளித்த அறிக்கையை மறுத்தும்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் மேற்படி நிறுவனத்தில் பதினேழு ஆண்டுகள் பணிபுரிந்தேன். வீட்டிலேயே சிகிச்சை பெறும் நோயாளிகளுக்கு எந்தப் பொருள் எந்தப் படகில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை.

2. வேர்ஹோல்ம் தீவில் திருமதி ஹல்டிஸ் என்பவர் மின்கருவி தரும் ஆக்சிஜனில் வாழ்ந்து வந்தார். மின்சாரம் நின்றால் பயன்படுத்த அவருக்கு மாதந்தோறும் நான்கு உருளைகள் அனுப்புவோம். அவருடைய கணவர் எட்வின் ஜனவரி 10ஆம் தேதியே தொலைபேசியில் கேட்டுவிட்டார். அந்த அழைப்பை எடுத்தவள் நான்தான்.

3. 14ஆம் தேதி திங்கட்கிழமை காலை எங்கள் கணினி அமைப்பு முற்றிலும் முடங்கியது. கணினியில் பதிந்து, அது தரும் பட்டியல் இல்லாமல் எதுவும் கிடங்கை விட்டு வெளியேறக் கூடாது என்பது விதி. இத்தகைய நாளுக்கென்றே வைத்திருந்த அவசரகாலத் திட்டக் கோப்பை எடுத்தேன். மாற்றுக் கிடங்கிலிருந்து அனுப்புமாறு அதில் இருந்தது. அந்தக் கிடங்கை விற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அங்கே உடற்பயிற்சிக்கூடம் நடக்கிறது. கோப்பில் இருந்த எண்ணை அழைத்தேன். பூக்கடைக்காரப் பெண் ஒருவர் எடுத்தார். இந்தத் தவறுகளைச் சுட்டிக்காட்டி நான் இருமுறை எழுதியிருந்தேன். அடுத்த ஆண்டு மறுபரிசீலனையில் பார்க்கலாம் என்பதே பதில்.

4. உருளைகள் என் மேசையிலிருந்து இருபது அடி தூரத்தில் இருந்தன. ஓட்டுநர் தூர்மோட் வந்து, "லிஸ்ட் எதுக்கு ஆஸ்லாக்? எனக்குத் தெரியாத வீடா? ஏத்திட்டுப் போயிடறேன்" என்றார். மேலாளரைக் கேட்டேன். "சிஸ்டம் வரட்டும். நாமளா ஏதாவது செஞ்சு வம்புல மாட்டிக்க வேணாம்" என்றார். நான் தூர்மோடிடம் திரும்பி, "கொஞ்சம் பொறு" என்றேன். அந்த வார்த்தை என்னுடையது. அதை மேலாளர் மீது சுமத்த நான் விரும்பவில்லை.

5. வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பதினொரு மணிப் படகு இரண்டு கார்களோடு புறப்பட்டது. மீதி இடம் காலியாகவே இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் புயல் தொடங்கியது, படகுகள் நின்றன. நான்கு மணிக்குத் தீவில் மின்சாரம் போனது.

6. ஐந்து மணிக்கு எட்வின் அழைத்தார். "இன்னும் ஒரு சிலிண்டர்தாம்மா இருக்கு. காலைப் படகுல நீங்க போட்டுவிட்டிருப்பீங்கல்ல, துறைமுகத்துல யாராவது எடுத்து வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். அவசர உதவிக்குச் சொன்னேன். புயலில் ஹெலிகாப்டரால் எழும்ப முடியவில்லை. மீட்புப் படகு பாதி வழியில் திரும்பியது. மறுநாள் காலை திருமதி ஹல்டிஸ் இறந்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று.

7. நிறுவனத்தின் அறிக்கை "தவிர்க்க இயலாத வானிலைத் தடை" என்கிறது. என் பெயர் அதில் எங்கும் இல்லை. என்னைக் காப்பாற்றியதாக அவர்கள் நினைக்கிறார்கள். நான் மறுவாரமே வேலையை விட்டுவிட்டேன்.

8. ஆகவே, பதினொரு மணிப் படகு ஓடியதைப் பதிவில் சேர்க்க வேண்டுகிறேன். இம்மாவட்டத்தின் விநியோக நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தம் அவசரகாலத் திட்டத்தை, கணினிகளை அணைத்துவிட்டு, ஒரு முழு நாள் ஆய்வு அதிகாரியான தங்கள் முன்னிலையில் நடத்திக் காட்ட உத்தரவிட வேண்டுகிறேன். என்னையும் விசாரியுங்கள்.

9. இன்னொரு வேண்டுகோள், விதிகளில் இதற்கு இடம் உண்டா என்று தெரியவில்லை. அடக்கத்தன்று எட்வின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாள் முன்னாடியே நான் கேட்டிருக்கணும். என் சோம்பேறித்தனம் அவளைக் கொன்னுடுச்சு" என்றார். அதன்பின் இரண்டு முறை உண்மையைச் சொல்ல அவர் வீட்டு வாசல்வரை சென்று, சொல்லாமலே திரும்பிவிட்டேன். அவர் உரிய நாளில் கேட்டார், பொருள் தயாராக இருந்தது, அனுப்பாதவர்கள் நாங்கள் என்பதைத் தங்கள் அலுவலக முத்திரையோடு அவருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். விசாரணை முடியும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்படுகிறேன்.

தங்கள் கையெழுத்தை எதிர்நோக்கும்,
ஆஸ்லாக் ஸ்கார்

இடம்: ஹெல்கெலாந்து
நாள்: 11.02.2019