இரவல் அக்கா

மார்ச் 4

அக்கா,

நீங்கள் விலை போய்விட்டீர்கள்.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நேற்றுக் கருத்தரங்கில் நானும் இருந்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால், எங்கள் அச்சகத்தின் புத்தக மேசையில் முதலாளி என்னைத்தான் விற்பனைக்கு நிறுத்தியிருந்தார். மேசை நிறைய உங்கள் புத்தகம். துருக்கிய மொழிகள், மங்கோலிய மொழிகள், அவற்றுக்குப் பக்கத்துத் துங்கூசிய மொழிகள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நீங்கள் பக்கம் பக்கமாக நிறுவிய புத்தகம். நான் பக்கம் வடிவமைத்த முதல் புத்தகமும் அதுதான். நீங்கள் மைக்கைப் பிடித்து, "நான் இத்தனை வருஷம் சொன்னது தப்பு. என் ஆதாரம் போதாது" என்றீர்கள். எனக்கு எதிரில் ஒருவர் பையிலிருந்து பணத்தை எடுத்தவர், புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் புத்தகத்தில் பாதி எழுத்துக்குத் தலையில் புள்ளி, மீதி எழுத்துக்குக் காலில் வால். ஒவ்வொரு புள்ளியையும் உட்கார வைத்தவள் நான். எங்கள் பிழைதிருத்துநர் ஒருநாள் கேட்டார்: "கருப்புக்குத் துருக்கியில 'கர'வாம், மங்கோலியத்துல 'ஹர்'ராம். நமக்குக் 'கரு'. அப்ப மங்கோலியன் நமக்கு மச்சானா?" அன்று சாயங்காலம் சமையலறையில் உங்களிடம் இதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துத் தொட்டிக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "ரெண்டு பேரு ஒரே கலர்ல சட்டை போட்டா அண்ணன் தம்பியாடி? அது சும்மா தற்செயல். நான் தேடுறது முகஜாடை" என்றீர்கள். அந்த முகஜாடை இப்போது எங்கே போனது?

பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்கு அடுத்த மாதம் நேர்காணல் என்று எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டு ஒப்பந்தத்திலேயே வைத்து ஒரு ஆளை முறுக்கிப் பிழிந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஆனால் மற்றவர்கள் வளைவார்கள், நீங்கள் வளைய மாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். இந்த வீட்டு மூத்தவரைக் கட்டி வந்தவர் நீங்கள், அவர் தம்பியைக் கட்டி வந்தவள் நான். வேலையை விடச் சொன்னபோது அவரையே விட்டீர்கள். பெட்டியோடு படியிறங்கும்போது, "போ, உன் மங்கோலியனையே கட்டிக்கோ" என்று அவர் கத்தினார். தெருவே பார்த்தது. நான் கதவருகில் நின்று பெருமைப்பட்டேன். இப்போது அந்த மங்கோலியனையும் கைவிட்டுவிட்டீர்கள்.

உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறீர்களா? வீட்டில் என் போன் அடித்தால் மாமியார் எட்டிப் பார்க்கிறார். பதிலை அச்சக முகவரிக்கே போடுங்கள்.

சின்னவள்


மார்ச் 13

அன்புள்ள சின்னவளுக்கு,

திட்டுவதற்காவது எழுதினாயே. நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன்.

விலை போனேன் என்கிறாய். வாங்கியவர் யார் என்று விசாரித்தாயா? எங்கள் துறைத்தலைவர் 'ஒரு தாய்' கட்சி. பணியில் சேர்ந்த நாளிலிருந்து அதே கட்சி. நேர்காணலில் எனக்கு எதிரே உட்காரப் போகிறவரும் அவர்தான். மேடையிலிருந்து இறங்கி வந்ததும் என் காதருகில், "இன்னும் ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேம்மா" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஏன் அப்படிப் பேசினேன் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். புள்ளி வைத்தவள் நீ.

'நான்' என்பதற்கு மங்கோலியத்தில் 'பி', துங்கூசியத்தில் 'பி', துருக்கியில் 'பென்'. முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. இப்போதும் புல்லரிக்கிறது. எண்களைக் கேட்டால் கதை மாறிவிடும். துருக்கியில் பிர், இக்கி, உச். மங்கோலியத்தில் நெக், ஹொயொர், குரவ். கூடப்பிறந்தவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்றாவது ஒத்துப்போக வேண்டாமா என்று எதிர்க்கட்சி கேட்கும். அதற்குக்கூட நான் ஒரு பதில் வைத்திருந்தேன். பதில் இல்லாமல் நின்றது வேறு இடத்தில்.

கூடப்பிறந்த மொழிகள் என்றால், காலத்தில் பின்னால் போகப் போக ஒன்றையொன்று நெருங்க வேண்டும். தமிழையும் மலையாளத்தையும் எடுத்துக்கொள். பின்னால் போனால் ஒரு கட்டத்தில் எது எது என்றே பிரிக்க முடியாது. துருக்கியத்திலும் மங்கோலியத்திலும் நான் பழைய எழுத்துகளுக்கு இறங்க இறங்க, ஒத்துப்போன என் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பின்னால் போனால் விலகுகின்றன, முன்னால் வந்தால் நெருங்குகின்றன. ஒரு தாய்ப் பிள்ளைகளின் லட்சணம் அது இல்லை. நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்து, குதிரை மேய்த்து, அடித்துக்கொண்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களின் லட்சணம். எதிர்க்கட்சிக்காரர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். என் கையால் தேடிப் பார்க்கும்வரை நான் நம்பவில்லை, அவ்வளவுதான்.

சண்டை இதோடு முடிந்துவிடவில்லை. அந்தப் பக்கம் இன்னும் நல்ல மூளைகள் இருக்கின்றன. நாளை ஒருவர் வலுவான ஆதாரத்தோடு வந்தால் மறுபடி மேடையேறி, மறுபடி தப்பு என்பேன். நான் செய்கிற வேலை அதுதான்.

வேறொரு செய்தி. இந்த வாடகை அறையின் அடுப்பு லேசில் பற்றாது. பற்றாவிட்டால், "ஏ மகாராணி, எழுந்திரு" என்கிறேன். அச்சகத்து மெஷினை நீ திட்டுகிற வசனம். எப்போது என் வாய்க்கு வந்ததென்று தெரியவில்லை. பக்கத்து அறைப் பெண், "இது உங்க வீட்டுப் பழக்கமா?" என்றாள். "ஆமா, எங்க வீட்டுப் பழக்கம்" என்றேன். சொன்ன பிறகுதான் எந்த வீடு என்று யோசித்தேன்.

அன்புடன்,
பெரியவள்


மார்ச் 20

அக்கா,

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை அச்சகத்தில் சத்தமாகப் படித்தேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிழைதிருத்துநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊர்ல இருக்கிறவன் எல்லாம் அடுத்தவன் புத்தகத்துலதான் பிழை பார்ப்பான். தன் புத்தகத்தைத் தானே மேடையேறித் திருத்தின ஆளை நான் பார்த்ததில்லம்மா" என்றார். முதலாளி மட்டும், "அதெல்லாம் சரி, மிச்சப் பிரதியை என்ன பண்றது?" என்றார்.

எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. உங்கள் துறைத்தலைவர் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை, அவருக்குப் பெரிய அறை, கதவில் பெயர்ப்பலகை. நீங்கள் தப்பு என்று சொன்னீர்கள், உங்கள் நாற்காலிக்கே உறுதி இல்லை. அறிவுக்குக் கூலி கொடுக்கிற இடம் என்று பெயர், கொடுப்பதென்னவோ வாய் மூடிக்கிடப்பதற்கு. நம் வீடும் அப்படித்தானே. மூத்தவர் குழாயைத் தப்பாக மாட்டிக் கூடமெல்லாம் வெள்ளமானபோதுகூடத் தண்ணீரின் வேகத்தைத்தான் குறை சொன்னார். அப்படிப்பட்ட இடத்தில் இத்தனை காலம் இருந்த ஒருத்தி, ஒரு மண்டபம் முழுக்க ஆட்களை வைத்துக்கொண்டு "தப்பு" என்று சொன்னாள். அந்தக் குரல் நடுங்கவில்லை. நான் அங்கே நின்று அதைக் கேட்டும் எனக்குப் புரியவில்லை. உங்கள் புத்தகத்தில் நான் வைத்த புள்ளிகளை எல்லாம் உங்கள் காலடியில் கொட்ட வேண்டும்போல் இருக்கிறது.

இன்னொன்று தோன்றியது. மதியம் கொஞ்சம் கண் அசருவதற்கு நீங்கள் "திருடிட்டு வரேன்" என்பீர்கள். உங்கள் அம்மா வீட்டு வார்த்தை. கேட்டு நான் சொன்னேன், என் கணவர் சொன்னார், இப்போது மாமியாரே சொல்கிறார். நாளைக்கு உங்களைப்போல் ஓர் ஆராய்ச்சிக்காரி வந்தால், நாம் எல்லாரும் ஒரு தாய் வயிறு என்று புத்தகம் போட்டுவிடுவாள். நல்லவேளை, அவளும் தப்பு என்று ஒத்துக்கொள்வாள்.

செய்தியை மறைக்க முடியாது. மூத்தவருக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில், அடுத்த மாதக் கடைசியில். பெண் வங்கியில் வேலை பார்க்கிறாள். மாமியார் என்னைக் கூப்பிட்டு, "வர்றவ உன்னைவிட வயசுல சின்னவதான். ஆனா மூத்தவன் பொண்டாட்டி. அக்கான்னுதான் கூப்பிடணும். பழைய அக்கா பேச்சு இனி இந்த வீட்ல வேணாம்" என்றார். அன்று பாத்திரங்கள்தான் பேசின.

நேர்காணல் முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

சின்னவள்


ஏப்ரல் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நேர்காணல் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. ஒரே கேள்வி: "உங்க நிலைப்பாடு அடுத்த வருஷம் என்னவா இருக்கும்?" தெரியாது என்றேன். ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை.

வருத்தப்படாதே. ஓர் ஆய்வுக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. துருக்கிய மொழி பேசுகிறவர்களும் மங்கோலிய மொழி பேசுகிறவர்களும் ஒரே சந்தையில் நின்று பேரம் பேசுகிற ஊர். எந்தச் சொல் எந்த வீட்டுச் சொல் என்று பேசுகிறவர்களுக்கே தெரியாதாம். எனக்கு இதைவிட நல்ல தண்டனை கிடைக்காது. முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருகிறவளை அக்கா என்றே கூப்பிடு. ஒரு சொல்லுக்காக அந்த வீட்டில் தினமும் நீ பாத்திரத்தை உருட்ட வேண்டாம். அவள் உனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை, எனக்கும் செய்யவில்லை.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. அம்மா, அப்பா, அக்கா மாதிரியான சொற்களை உறவுக்கு ஆதாரமாக எடுக்கமாட்டோம். குழந்தை வாய் எந்த நாட்டிலும் முதலில் அதே ஒலிகளைத்தான் பிடிக்கும். மங்கோலியத்தில் அண்ணனுக்கு 'அஹ்', பழைய வடிவம் 'அக'. துருக்கியக் குடும்பத்து உஸ்பெக்கிலும் 'அக'. அதை வைத்து நாம் அவர்களுக்குச் சொந்தம் கொண்டாட முடியுமா? நீ என்னை அக்கா என்றதும் அப்படித்தான். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மணமுறிவுத் தீர்ப்பில் மூத்தவரைப் பற்றி எத்தனையோ வரி இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேடிப் பார்த்தேன்.

பெரியவள் என்ற பெயரையும் வருகிறவளுக்கே விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,


ஏப்ரல் 16

அக்கா,

கையெழுத்தில்லாத கடிதம் வந்தது. அச்சகத்தில் இப்படி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

விதியைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். குழந்தை வாயில் வருகிற அக்கா வேறு. நான் அந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பல்லெல்லாம் முளைத்து, நாக்கும் நீண்டிருந்தது. முதல் வருஷம் முழுக்க உங்களை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டேன். மறந்துவிட்டீர்களா? உங்கள் வழியிலேயே பின்னால் போய்ப் பாருங்கள். அங்கே அக்கா இல்லை, "ஏங்க"தான் இருக்கிறது.

அச்சகத்தில் வேலை கிடைத்த அன்று மாமியாரும் மூத்தவரும் என் கணவரும் வரிசையாக உட்கார்ந்து கூடாது என்றார்கள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே, நிமிராமல், "அவ நாளைக்கே சேர்றா. நான் சரின்னு போன் பண்ணிட்டேன்" என்றீர்கள். போன் எதுவும் பண்ணவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பச்சைப் பொய். அப்போதுதான் என் வாயில், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க அக்கா" என்று வந்தது. அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு வேறு எதுவாகவும் இருந்ததில்லை.

அந்தச் சொல்லை யாரும் எனக்குப் பெற்றுத் தரவில்லை. நானாக எடுத்துக்கொண்டது. நான் எடுத்துக்கொண்டதை நீங்கள் எப்படி இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுப்பீர்கள்? பிறப்பால் வந்த உறவென்றால் நீதிமன்றம் சொன்னதும் ஆடிப்போகலாம். சேர்ந்திருந்து வந்ததை எந்தத் தீர்ப்பில் கிழிப்பார்கள்? நீங்கள் தேடிய தீர்ப்பில் என்னைப் பற்றி வரி இல்லை என்றால், நம்மை யாரும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். இதுகூடத் தெரியாமல் என்ன ஆராய்ச்சி?

மேடையில் ஒரு தப்பை ஒத்துக்கொண்டீர்கள். இந்தத் தப்பையும் ஒத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் வருவதற்குள் பதில் வர வேண்டும்.

சின்னவள்


ஜூன் 21

அக்கா,

பதில் வரவில்லை. ஆய்வுக் குழுவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். நீங்கள் நலம், கடிதங்கள் எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிட்டன என்று ஒரு பையன் மரியாதையாகச் சொன்னான்.

அவள் வந்துவிட்டாள். நல்லவள். அதுதான் எரிச்சல். வங்கியிலிருந்து களைத்து வந்து, நான் சொல்லாமலே என்னோடு பாத்திரம் கழுவ நிற்கிறாள். மாமியார் எதிரில் இன்னும் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளிக்கிறேன். முன்னால் போய் நின்று பேசுகிறேன், இல்லாவிட்டால் தொண்டையைச் செருமுகிறேன். "உங்களுக்கு அடிக்கடி சளி பிடிக்குமா?" என்று கேட்டாள் பாவம்.

இன்று ஞாயிறு. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே அவள், "நான் கொஞ்சம் திருடிட்டு வரேங்க" என்றாள். கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. மூத்தவர் செய்தித்தாளை இறக்கவில்லை. மாமியார் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, அவள் நின்றுவிட்டாள்.

"தப்பாச் சொல்லிட்டேனா? எங்க வீட்ல இப்படிச் சொல்லமாட்டாங்க. இங்க எல்லாரும் சொல்றீங்களேன்னுதான். இது யாரோட வார்த்தை?"

"எங்க அக்காவோடது" என்றேன்.

"உங்களுக்கு அக்கா இருக்காங்களா? சொல்லவே இல்லையே. எங்க இருக்காங்க?"

ஒரு தட்டும் சத்தம் போடவில்லை. நான் தொண்டையைச் செருமினேன்.

எனக்கு விதி வேண்டாம், மங்கோலியன் வேண்டாம். அவள் கேட்டதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். எனக்கு அக்கா இருக்கிறாளா, இல்லையா? ஒரே வரியில் எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

சின்னவள்