காரிநம்பி விழுங்கிய சொல்

கிழக்கே கடலும் மேற்கே கருங்குன்றமும் எல்லையாகச் செம்பரை நாடாண்டருளும் நெடுங்கோ ஆதிரையார் திருவாய் மலர்ந்தபடி, கல்லிழுவை ஆளாயிருந்து ஓலைநாயகம் ஆன மாறம்பூதன் எழுத்து. பாழிமேட்டு மதிற்பணிக் கண்காணி சாத்தங்கண்ணனார் காண்க. உம் மதில் உயர்க. உம் ஆட்களின் அடுப்பு அணையாதிருக்க. உம் குடிக்கு நலம் பெருகுக.

காரியம் யாதெனில், நம் கோயில் திருப்பணியில் காரிநம்பி என்றொரு கண்காணி இருந்தான். சரிவுப் பாதையில் கல்லேற்றும் கூட்டம் அவன் கைக்கீழ் இருந்தது. வடம் பிடித்தோர் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம், கல்லேற்றிய இழுவைச் சட்டம் பின்னே சறுக்காமல் அதனடியில் தடைக்கட்டை போட ஓர் ஆள் வேண்டும். அவ்வேலைக்குக் கடற்கரையிலிருந்து எயினன் என்பவன் புதிதாக வந்தான். கரையில் தோணி ஏற்றுகையில் உருளையை உள்ளங்கையால் அணைத்து வைப்பது அவர்கள் வழக்கம்; மணல் அமுங்கி விரலுக்கு இடம் விடும். எயினன் இங்கும் கட்டையை அப்படியே வைத்தான். கருங்கல் பாவிய சரிவு இடம் விடுமா? கட்டையைக் காம்பில் பிடித்துத் தள்ளிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

சொல்ல நேரம் இல்லாமற் போகவில்லை. காலையில் வடத்தை நனைக்கையில் எயினன் பக்கத்தில்தான் குந்தியிருந்தான். கஞ்சி ஊற்றுகையில் இருவர் கலயமும் ஒட்டியே இருந்தன. வெறுஞ்சட்டத்தோடு கீழே இறங்குகையில் அவனே அருகில் வந்து, "அண்ணே, நான் வைக்கிறது சரிதானா?" என்று வாய்விட்டுக் கேட்டான். காரிநம்பிக்குச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வடக்காரர்களின் சிரிப்பு அதைவிட ருசியாக இருந்தது. "பாருங்கடா, புதுப்பெண்டாட்டி மாதிரி கட்டையைக் கட்டிப் பிடிக்கிறான்" என்று கண்ணடித்துவிட்டு, "கல்லே சொல்லித் தரும், போடா" என்றான். தான் பழகிய காலத்தில் தனக்கு யார் சொன்னார்கள் என்ற புழுக்கமும் அவனுக்குள் இருந்தது.

அடித்தளக் கல் ஏறிய அன்று எயினனின் வலக்கை சட்டத்தினடியில் கூழாயிற்று. அலறல் அடங்குமுன்னே, "இனி மறக்கமாட்டான்" என்று காரிநம்பி சொன்னதை வடம் பிடித்த அனைவரும் கேட்டனர். அவர்கள் வாய்வழி அது அரசர் செவிக்கு எட்டிற்று.

அவையில் அரசர், பிழையை முன்னமே கண்டாயோ என வினவியருள, தினமும் கண்டேன் என்றான். அரசர் கோபிக்கவில்லை. எயினனின் கரையில் தோணி தள்ளும் வேலைக்குக் காரிநம்பியை அனுப்புமாறும், அங்குள்ளோர் அவனைப் பார்த்து வேண்டுமட்டும் சிரிக்கலாம், ஆயின் ஒன்றும் சொல்லித் தரலாகாது என்றும், மனமிருந்தால் எயினன் ஒருவனே சொல்லலாம் என்றும் கட்டளையிட்டார்.

போன அன்றே காரிநம்பி தோணிக்கும் கரைக்கும் நடுவே நின்றான். அலை தோணியைத் திருப்பி அடித்தால் அங்கே நிற்பவன் மிஞ்சமாட்டான் என்பது அக்கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும். பெண்கள் வாய் பொத்தினர். "மலைக்காரரு மண்ணுல வேர் விட்டுட்டாரு டோய்!" என்று ஒருவன் கத்த, கரையே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் காரிநம்பி அறிவான். அது எப்போது எழும் என்பதையும் அறிவான். கை போய் ஊர் திரும்பி மணலில் அமர்ந்திருந்த எயினனை நோக்கி, "தம்பி, சாமி, எங்கேடா நிக்கணும்? ஒரு வார்த்தை சொல்லுடா" என்று கும்பிட்டான். எயினன் துணி சுற்றிய கையை மடியில் வைத்தபடி அவனையே பார்த்திருந்தான். வாய் திறக்கவில்லை. அலை வந்தது. இடுப்புக்குக் கீழே காரிநம்பிக்கு இப்போது உணர்வில்லை.

ஆகலின் சாத்தங்கண்ணனாரே, உம் பணியில் புதிய ஆட்கள் சுட்ட சுண்ணாம்பில் நீரை ஊற்றிவிட்டு முகம் குனிந்து எட்டிப் பார்ப்பதையும், பழைய ஆட்கள் விலகி நின்று சிரிப்பதையும் அரசர் அறிவார். போதிக்க நாள் குறிக்க வேண்டாம். கூட்டம் கூட்ட வேண்டாம். கண்ட இடத்தில், கண்ட கணத்தில், தோளைத் தொட்டுச் சொல்லும். இவ்வோலையைச் சுருட்டு முன்னே எழுந்து போய்ச் சொல்லும். ஒருவன் கண் போனாலும் உமக்கும் அதே கரைதான். எயினனுக்கு நாள்தோறும் படியளந்து, அவ்விடம்விட்டு எழாதிருக்கும்படி அரசர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

இது செம்பரையார் ஆணை. நண்டு முத்திரை இட்டோம்.